பழைய ஜப்பான் பாஸ் (Boss) கிட்டார் பெடல்கள்: குமரிக் கடற்காற்றில் எதை வாங்கலாம், எப்படிச் சுத்தம் செய்யலாம்

குமரி மாவட்டத்தில் பழைய கிட்டார் பெடலை, அதாவது கிட்டார் ஒலியை மாற்றக் காலால் மிதிக்கும் சின்னப் பெட்டியைக் கெடுப்பது வயது இல்லை, உப்பு. 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானில் செய்த பாஸ் பெடல் குலசேகரத்திலோ தக்கலையிலோ ஒரு அலமாரிக்குள் கிடந்திருந்தால் இன்றைக்கும் பேட்டரி போட்டவுடன் பாடும். அதைவிட இருபது வருடம் இளைய பெடல் குளச்சலிலோ முட்டத்திலோ கடலைப் பார்த்த ஜன்னலோரம் இருந்திருந்தால், வெளியே பளபளவென்று இருக்கும். அடித்தட்டைக் கழற்றினால் உள்ளே பச்சைக் களிம்பு பூத்திருக்கும். அதனால் இந்த மதிப்பீட்டில் எந்த வருடத்துப் பெடல் என்பதைவிட, அது எங்கே, எப்படிக் கிடந்தது என்பதற்கே அதிக மதிப்பெண்.

இங்கே பழைய பெடல்கள் வருகிற வழிகள் தெரிந்தவைதான். வளைகுடாவிலிருந்து வந்தவர்கள் கொண்டு வந்தது, கப்பல் வேலைக்குப் போனவர்கள் வெளிநாட்டுத் துறைமுகத்தில் வாங்கியது, கோயர்களும் (ஆலயப் பாடகர் குழுக்கள்) இன்னிசைக் குழுக்களும் வாங்கிப் பிறகு பல ஒலிகள் ஒரே பெட்டியில் வரும் மல்டி எஃபெக்ட்ஸுக்கு மாறியதால் பீரோவில் தூங்குவது. பாஸ் எஸ்டி-1 (ஓவர்டிரைவ்), டிஎஸ்-1 (டிஸ்டார்ஷன்) என்ற கரகரப்பு ஒலிப் பெடல்கள் இரண்டும் அடிக்கடி கண்ணில் படும். ஒலியை அலை அலையாக்கும் சிஇ-2 கோரஸ் எப்போதாவது. ஐபனீஸ் நிறுவனத்தின் டியூப் ஸ்கிரீமர் ஓவர்டிரைவ் அதைவிட அபூர்வம்.

அடையாளம்

பாஸ் நிறுவனத்தின் சின்ன மிதி பெடல்கள் 1977-ல் தொடங்கின. டிஎஸ்-1 வந்தது 1978, சிஇ-2 வந்தது 1979, எஸ்டி-1 வந்தது 1981. டிஎஸ்-1, எஸ்டி-1 இரண்டும் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. பேட்டரி மூடியைப் பிடித்திருக்கும் முன்பக்கப் பெருவிரல் திருகு வெள்ளியாக மின்னினால் அது முற்பட்ட காலத்து உருப்படி. பிற்காலத்தில் அது கறுப்பானது. அடியில் கறுப்பு லேபிளில் ஜப்பான் தயாரிப்பு என்று இருக்கும். 1980-களின் கடைசியில் தயாரிப்பு தைவானுக்கு நகர்ந்தது. தைவான் பெடல் மட்டம் என்று நினைக்க வேண்டாம். சுற்று பெரும்பாலும் அதேதான், விலை குறைவு. வாசிப்பதற்கென்றே வாங்குகிறவருக்கு எங்கள் பரிந்துரை சுத்தமான தைவான் எஸ்டி-1தான், களிம்பு பிடித்த ஜப்பான் எஸ்டி-1 இல்லை.

லேபிளில் இன்னொன்றைத் தவறாமல் வாசியுங்கள்: அடாப்டர் பெயர். பழைய 12 வோல்ட் வகையான ஏசிஏ என்றிருக்கிறதா, ரெகுலேட்டட் 9 வோல்ட் வகையான பிஎஸ்ஏ என்றிருக்கிறதா? பேரம் பேசுகிற இடமே இதுதான், கீழே வருகிறது.

விற்பவர் வீட்டில் பார்க்க வேண்டியவை

கையோடு புது 9 வோல்ட் பேட்டரி ஒன்று, நல்ல கேபிள் இரண்டு, சின்ன டார்ச், மல்டிமீட்டர், நட்சத்திரத் திருப்புளி ஒன்று. விற்பவருடைய அடாப்டரையும் கேபிளையும் நம்பிச் சோதிக்க வேண்டாம். கெட்டது எது என்று பிறகு பிரித்தறிய முடியாது.

முதலில் பேட்டரி அறை. பெருவிரல் திருகைத் தளர்த்தி மிதியைத் தூக்கி, டார்ச் அடித்துப் பாருங்கள். பேட்டரியை மாட்டும் ஸ்னாப்பின் உலோகக் குமிழில் வெள்ளைப் பொடியோ பச்சையோ இருந்தால் பேட்டரி ஒழுகியிருக்கிறது. அது மட்டுமே காரணம் என்றால் பயப்பட வேண்டாம், ஸ்னாப் மலிவான சாமான். ஆனால் அறையின் சுவரில் பெயின்ட் கொப்பளித்திருந்தால் ஒழுக்கு உள்ளே போர்டு வரைக்கும் போயிருக்க வாய்ப்பு அதிகம்.

அடுத்து அடித்தட்டின் நான்கு திருகுகள். நான்கும் துருப்பிடித்திருந்தால் உள்ளே உப்பு. தலை தேய்ந்திருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். உள்ளே பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். திறக்க விடமாட்டேன் என்கிறவரிடம் புது விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பேச்சே வேண்டாம்.

ஜாக்கில் கேபிளின் பின்னைச் செருகும்போது 'டக்' என்று பிடிக்க வேண்டும். லொடலொடவென்று ஆடினால் உள்தகடு தளர்ந்திருக்கிறது. பின்னைச் சுழற்றும்போது சத்தம் வந்து வந்து போனால் களிம்பு. முன்னதுக்கு ஜாக்கையே மாற்ற வேண்டும், பின்னது துடைத்தால் சரியாகும். இன்புட் ஜாக் ஸ்டீரியோ ஜாக் என்பதையும் நினைவில் வையுங்கள். மோனோ பின் உள்ளே போனால்தான் பேட்டரியின் நெகடிவ் இணைப்பு முழுமையாகும். ஆகவே இன்புட்டில் கேபிள் போடாமல் எல்இடி எரியவில்லை என்று பெடலைக் குறை சொல்ல முடியாது. கேபிளைச் செருகியபடியே விட்டுவிட்டுப் போனால் பேட்டரி செத்து ஒழுகுவதும் இதனால்தான்.

'எல்இடி மங்கலா எரியுது, சத்தமும் கம்மி'

இப்படிச் சொல்லி யாராவது பழைய பெடலை மலிவாகத் தந்தால், லேபிளில் ஏசிஏ என்று இருந்தால், பேட்டரி போட்டுச் சோதியுங்கள். பிரகாசமாக எரிந்தால் உடனே வாங்கலாம், பெடலில் கோளாறே இல்லை. ஏசிஏ என்பது பழைய வகை, ரெகுலேட்டர் இல்லாத 12 வோல்ட் அடாப்டர். அதற்காகப் பெடலின் உள்ளே, அடாப்டரின் நெகடிவ் வழியில் ஒரு டயோடும் ஒரு ரெசிஸ்டரும் வைத்து வோல்ட்டேஜைக் குறைத்தார்கள். இன்றைய 9 வோல்ட் ரெகுலேட்டட் அடாப்டரைச் செருகினால், ஏற்கெனவே சரியாக இருக்கும் 9 வோல்ட் மேலும் குறைந்துவிடும்.

இதற்கு இரண்டு வழி. ஒரே அடாப்டரிலிருந்து பிரியும் கேபிளில் இதையும் ஒரு பிஎஸ்ஏ பெடலையும் சேர்த்து, இரண்டுக்கும் இடையே பேட்ச் கேபிள் போட்டால், பேட்ச் கேபிளின் கிரவுண்டு வழியாக மின்சாரம் நேராகப் போய்விடும். எல்இடி பளிச்சென்று ஆகும். ஒவ்வொரு வாயும் தனித்தனியாகப் பிரிக்கப்பட்ட பவர் சப்ளையில் இந்த வழி வேலை செய்யாது. இரண்டாவது வழி, அந்த டயோடையும் ரெசிஸ்டரையும் சின்னக் கம்பியால் தாண்டி ஈயம் வைப்பது. பிறகு அந்தப் பெடலில் பழைய 12 வோல்ட் அடாப்டரைச் செருகவே கூடாது. அடித்தட்டில் மார்க்கரால் '9 மட்டும்' என்று எழுதிவிடுங்கள்.

இதற்கு நேர்மாறான, உண்மையிலேயே ஆபத்தான விஷயம் யமஹா கீபோர்டு அடாப்டர். ஆலயத்திலும் கன்வென்ஷன் மேடையிலும் கீபோர்டுக்குப் பக்கத்தில்தான் கிட்டார்காரர் நிற்பார். அந்த அடாப்டர் 12 வோல்ட், நடுமுனை பாசிட்டிவ். பெடலுக்கு வேண்டியது 9 வோல்ட், நடுமுனை நெகடிவ். அவசரத்தில் மாற்றிச் செருகிய பெடல்கள் நம்மூரில் செத்துக் கிடப்பது சாதாரணம். பல பெடல்களில் சப்ளையின் குறுக்கே ஒரு டயோடு இருக்கும். தலைகீழ் மின்சாரத்தை அது தாங்கி, தான் கருகி, ஐசியைக் காப்பாற்றியிருக்கும். அடையாளம்: அடாப்டர் போட்டாலும் பேட்டரி போட்டாலும் உயிரில்லை, பேட்டரி சுடுகிறது, மல்டிமீட்டரில் சப்ளையின் இரு முனைக்கும் 'பீப்' வருகிறது. சாதாரண டயோடாக இருந்தால் 1என்4007 போதும். ஸீனர் (Zener) டயோடு என்றால் அதே வோல்ட்டேஜில் ஸீனரே போட வேண்டும். டயோடை மாற்றிப் பெடல் எழுந்துகொண்டால் அதைவிட நல்ல பேரம் இல்லை.

திறக்கும்போது

அடித்தட்டில் ஒட்டிய ரப்பரைப் பிய்க்காமல் திருகுகளை மட்டும் எடுங்கள். இவை ஜப்பானியத் தரத்தின் திருகுகள். நம் கடைகளில் கிடைக்கும் பிலிப்ஸ் முனை அதில் முழுதாக அமராமல் வழுக்கித் தலையைத் தேய்க்கும். பைக் மெக்கானிக்கிடம் இருக்கும் ஜேஐஎஸ் திருப்புளி சரியாகப் பொருந்தும். துரு இறுகியிருந்தால் ஈயம் வைக்கும் இரும்பின் முனையைத் திருகின் தலையில் அரை நிமிடம் வைத்துச் சூடாக்கி, ஆறியபின் அழுத்திப் பிடித்துத் திருகுங்கள்.

தட்டுக்கும் போர்டுக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் தாள் இருக்கும். இது பேக்கிங் இல்லை, இன்சுலேஷன். போர்டின் ஈயப்புள்ளிகள் இரும்புத் தட்டைத் தொடாமல் தடுப்பது அதுதான். யாரோ தூக்கி எறிந்திருந்தால், மூடியவுடன் பெடல் ஊமையாகும், திறந்தால் பேசும். மெல்லிய ஓஎச்பி ஷீட்டை (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாள்) அதே அளவில் வெட்டி வைத்தால் போதும்.

உப்பு ஸ்பிரிட்டில் கரையாது

பெரும்பாலானவர்கள் தவறுகிற இடம் இதுதான். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை (ஐபிஏ) ஊற்றித் தேய்த்துவிட்டு, சுத்தமாகிவிட்டது என்று மூடிவிடுகிறார்கள். எண்ணெய், ஃபிளக்ஸ் கறை போகும், உப்பு போகாது. அது போர்டிலேயே நின்று, அடுத்த மழைக்காலத்தில் காற்றின் ஈரத்தை இழுத்து மறுபடியும் களிம்பை உண்டாக்கும். நமக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழைக்காலமும் உண்டு. ஜூனிலிருந்து டிசம்பர் வரை ஈரத்துக்குப் பஞ்சமில்லை.

உப்பைக் கரைப்பது தண்ணீர்தான். குழாய்த் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும் ஆகாது, அவற்றிலேயே உப்பு இருக்கிறது. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் பெட்ரோல் பங்கிலும் பேட்டரி கடையிலும் கிடைக்கும், ஒரு லிட்டர் பல பெடலுக்குக் காணும். பேட்டரியை எடுத்துவிட்டு, அடாப்டரைப் பிடுங்கிவிட்டு, மென்மையான பல் துலக்கும் பிரஷை அந்தத் தண்ணீரில் நனைத்து, போர்டின் ஈயப் பக்கத்தைச் சிறுசிறு வட்டமாகத் தேயுங்கள். போர்டைச் சாய்த்துப் பிடித்தால் அழுக்குத் தண்ணீர் பாட்களுக்குள்ளும் (குமிழுக்கு அடியில் உள்ள, திருப்பினால் மாறும் ரெசிஸ்டர்கள்) உள்ளேயே திருப்பி வைக்கும் சின்ன டிரிம்மர்களுக்குள்ளும் போகாமல் வழிந்துவிடும். இரண்டு தடவை புதுத் தண்ணீரில் செய்த பிறகே 99 சதவீத ஐபிஏ. அது மிச்ச ஈரத்தையும் இழுத்துக்கொண்டு ஆவியாகிவிடும். மருந்துக் கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டை இதற்குப் பயன்படுத்த வேண்டாம், அதில் தண்ணீரும் கலந்திருக்கும். பிறகு ஃபேனுக்கு அடியில் ஒரு முழு நாள். வெயிலில் வைத்தால் பழைய பிளாஸ்டிக் குமிழும் லேபிளும் போய்விடும்.

பேட்டரி ஒழுக்கு வேறு கதை. அல்கலைன் பேட்டரியிலிருந்து வருவது காரம். பஞ்சுக் குச்சியில் வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்டு வைத்தால் நுரைத்து அடங்கும். மலிவான பழைய கார்பன் பேட்டரியின் ஒழுக்கு அமிலத் தன்மை கொண்டது, அதற்குச் சமையல் சோடாக் கரைசல். எதைப் பயன்படுத்தினாலும் அதன் மேல் டிஸ்டில்டு வாட்டர், அதன் மேல் ஐபிஏ. ஸ்னாப்பின் கம்பியை வெட்டிப் பாருங்கள்: உறைக்குள் செம்பு கறுத்திருந்தால் ஒழுக்கு கம்பி வழியே உள்ளே ஊர்ந்திருக்கிறது. கறுத்த செம்பில் ஈயம் ஒட்டாது. செம்பு மினுங்குகிற இடம் வரை வெட்டிக்கொண்டே போங்கள். மினுங்கவே இல்லை என்றால் போர்டு வரை புதுக் கம்பி.

ஜாக், பாட், சுவிட்ச்

ஜாக்குக்கு உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். நிக்கல் பூச்சு போய்விட்டால் அடுத்த மழைக்கே பச்சை பிடிக்கும். பழைய மோனோ பின் ஒன்றில் கான்டாக்ட் கிளீனரை அடித்து, ஜாக்கில் செருகிச் சுழற்றி எடுங்கள். பின்னைத் துடையுங்கள், துணியில் கறுப்பு வரும். மறுபடி செய்யுங்கள், கறுப்பு வருவது நிற்கும் வரைக்கும்.

திருப்பும்போது கரகரக்கும் பாட் (pot) ஒன்றுக்கு, கால்கள் வெளியே வரும் இடத்திலுள்ள இடைவெளியில் கிளீனரின் குழாயை வைத்து ஒரு சின்ன அடி, பிறகு இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை முப்பது தடவை திருப்புங்கள். குமிழை எடுக்கத் திருப்புளியால் நெம்ப வேண்டாம், ஒரு துணியை அடியில் சுற்றி நேராக மேலே இழுத்தால் வந்துவிடும்.

துடைத்தும் லெவல் பாட் கரகரத்தால் மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, பாட்டின் இரண்டு ஓரக் கால்களுக்கு நடுவே அளவெடுங்கள். கிட்டத்தட்ட பூஜ்யம் வர வேண்டும். அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று நின்றால் குற்றவாளி பாட் இல்லை, அதற்கு முன்னால் உள்ள கப்ளிங் கண்டன்சர் கசிகிறது. எத்தனை டின் கிளீனர் அடித்தாலும் அது தீராது. அந்த ஒரு கண்டன்சரை மாற்றினால் தீரும்.

மிதித்தால் சில சமயம் ஆன் ஆகிறது, சில சமயம் இல்லை என்றால் மிதிக்குக் கீழே உள்ள நாலு கால் டாக்ட் சுவிட்ச் தேய்ந்திருக்கிறது. பழையதைக் கழற்றி அகலம், கால்களின் இடைவெளி, பட்டன் உயரம் மூன்றையும் அளந்தபின் வாங்குங்கள்; உயரம் ஒரு மில்லிமீட்டர் மாறினாலும் மிதி எப்போதும் அழுத்தியபடியே நிற்கும், இல்லையென்றால் எட்டவே எட்டாது. பழைய போர்டின் செம்புப் பட்டைகள் சூட்டில் எளிதாகக் கழன்று வரும். 25 வாட் சோல்ட்ரான் (ஈயம் வைக்கும் இரும்பு) போதும். 60/40 ஈயம், கூடவே ஈயம் உறிஞ்சும் பின்னல். ஒரு காலில் மூன்று நொடிக்கு மேல் நிற்காதீர்கள்.

எல்லாக் கண்டன்சரையும் மாற்றிவிடு என்கிற ஆலோசனை நிறையப் பேர் தருவார்கள். எங்களுக்கு அதில் உடன்பாடு இல்லை. ஹம் என்ற இரைச்சல் அதிகமாக இருந்தால் சப்ளையில் இருக்கும் பெரிய எலக்ட்ரோலிட்டிக்கை மட்டும் அதே மைக்ரோ ஃபாரடில், 25 வோல்ட்டில் மாற்றுங்கள். எட்டுக் கால் 4558 ஐசி உள்ள பெடலில் 8-ஆம் காலில் சப்ளை, 4-ஆம் காலில் பூஜ்யம், 1-லும் 7-லும் ஏறக்குறைய பாதி சப்ளை என்று வந்தால் அந்தச் சுற்று ஆரோக்கியமாக இருக்கிறது. ஒலி நன்றாக இருக்கும் போர்டில் கைவைக்காதீர்கள்.

கிளீனர்கள்

சாதாரண டபிள்யூடி-40 துருப்பிடித்த திருகுக்கு மட்டும். பாட் உள்ளே போனால் அதன் கிரீஸைக் கழுவிவிட்டுத் தூசியைப் பிடித்து வைக்கும். அதே பெயரில் வரும் கான்டாக்ட் கிளீனர் வேறு சாமான், ஜாக்குக்கும் ஸ்னாப்புக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். சீக்கிரம் உலர்ந்துவிடும், ஆனால் வழவழப்பு எதுவும் மிஞ்சாது. சிஆர்சி 2-26 மெல்லிய எண்ணெய்ப் படலத்தை விடும், கடலோரத்தில் ஜாக்குக்கு அதுவே நல்லது. போர்டு முழுக்க அடிக்க வேண்டாம். பாட்களுக்கென்றே உள்ள டியாக்சிட் ஃபேடர் வகைக்கு ஈடு இல்லை. விலை அதிகம்தான், ஆனால் ஒரு டின்னைக் கோயர் முழுக்கப் பகிர்ந்துகொள்ளலாம்.

எதை வாங்கலாம்

எஸ்டி-1: கண்ணை மூடிக்கொண்டு. ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் ஒன்று என்று மூன்று டயோடுகளால் அலையைச் சமமில்லாமல் வெட்டுவதால், சின்ன ஆம்பிலும் நேராக மிக்சரில் போட்டாலும் குரலுக்கு நடுவே கிட்டார் தனியாகக் கேட்கும். உள்ளே உள்ள பாகங்கள் எல்லாம் நாகர்கோவிலில் டிவி, ஆம்பிளிஃபயர் பார்க்கிற கடைகளிலேயே கிடைக்கிற மாதிரியானவை. கெட்டாலும் எழுப்பலாம்.

டிஎஸ்-1: 1994 வரை வந்தவற்றில் தோஷிபா டிஏ7136ஏபி ஐசி. பழசு என்று அதிக விலை சொல்வது இதற்காகத்தான். ஒலியில் வித்தியாசம் உண்டு, கொஞ்சம் கனமாக இருக்கும். ஆனால் அந்த ஐசி செத்திருந்தால் மாற்று கிடைப்பது கடினம். வாசித்துக் கேட்ட பிறகே பணம்.

சிஇ-2: பணம் செலவழிக்கத் தகுந்தது இதுதான். எம்என்3007 என்ற 1024 படி டிலே ஐசியும் அதை ஓட்டும் எம்என்3101-உம்தான் அந்தக் கோரஸின் உயிர். ரேட், டெப்த் இரண்டையும் முழுதாக வைத்து, ஒரு கார்டைத் (chord) தட்டி விட்டுக் கேளுங்கள். அலை ஏறி இறங்க வேண்டும். வெறும் கிட்டார் மட்டும் கேட்டால் டிலே வழி செத்திருக்கிறது. சரி செய்பவர் கையில் இல்லாமல் வாங்க வேண்டாம். எம்என்3207 போட்டால் போதும் என்று சொல்பவரை நம்பாதீர்கள், அதன் மின்சாரத் திசையே வேறு. உள்ளே இருக்கும் டிரிம்மரைத் திருப்பிப் பார்க்கிற ஆசையும் வேண்டாம். 2016-ல் பாஸ் இதையே சிஇ-2டபிள்யூ என்று மறுபடி கொண்டு வந்தது. களிம்பு பிடித்த பழையதற்கு அதன் விலையைச் சொன்னால் புதியதையே வாங்குங்கள்.

டியூப் ஸ்கிரீமர்: மேல் லேபிளை நம்பி விலை பேசாதீர்கள். அதன் 808 மாடலுக்கும் 9 மாடலுக்கும் முக்கிய வித்தியாசம் வெளியேறும் இடத்திலுள்ள இரண்டு ரெசிஸ்டர்கள்தான்: முன்னதில் 100 ஓம், 10 கே, பின்னதில் 470 ஓம், 100 கே. திறந்து பார்த்தால் வண்ணக் கோடுகளிலேயே தெரிந்துவிடும்.

ஆரியன் எஸ்சிஎச்-1 ஸ்டீரியோ கோரஸ் கிடைத்தால் விடாதீர்கள். ஜப்பானிலும் பிறகு இலங்கையிலும் செய்தது, முழுக்க பிளாஸ்டிக் கூடு. கூடு துருப்பிடிக்க வழியில்லை, நம் கடற்கரைக்கென்றே செய்தது போல இருக்கும். பலவீனம் மிதியும் பேட்டரி மூடியும். இரண்டும் முழுதாக இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள்.

சுத்தம் செய்த பெடலைத் திரும்ப ஜன்னலோரம் வைத்தால் செய்த வேலை வீண். ரப்பர் வளையம் வைத்த காற்றுப் புகாத டிபன் பெட்டி போன்ற பிளாஸ்டிக் டப்பா, உள்ளே ஐம்பது கிராம் ஆரஞ்சு சிலிக்கா ஜெல். நிறம் மாறியதும் கடாயில் மெல்லிய தீயில் வறுத்தால் மறுபடி உழைக்கும். திருவிழாவுக்கோ அசனத்துக்கோ (ஆலய விருந்து) வாசித்துவிட்டு வந்த அன்றே கேபிளைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றி, ஜாக்கின் நட்டை உலர்ந்த துணியால் துடைத்த பிறகே டப்பாவுக்குள் வையுங்கள்.